மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரோடு கடலில் இறங்குங்கள்

கேள்வி: எனக்கு 31 வயது, ஊர் கொக்குவில், வங்கியில் வேலை. ஓகஸ்டில் ஐந்து நாள் விடுமுறை எடுத்துத் தனியாகத் திருகோணமலைக்குப் போய் ஸ்கூபா டைவிங் செய்து பார்க்க ஆசை. இதுவரை செய்ததில்லை. நீந்துவேன், ஆனால் நீண்ட தூரம் நீந்திப் பழக்கமில்லை. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மூன்று இடங்களில் வட்ஸ்அப்பில் விசாரித்தேன். முதலாவது இடம் மற்றவர்களின் பாதி விலை. முதல் நாளே கோணேசர் கோவில் மலைக்குக் கீழே கூட்டிப்போய்ப் பழைய தூண்களைக் காட்டுவார்களாம். சின்ன வயதில் தொய்வு (ஆஸ்துமா) இருந்தது என்று சொன்னேன். "படிவத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள், பிரச்சினை வராது" என்றார்கள். இரண்டாவது இடம் டொக்டரிடம் கடிதம் கேட்கிறது, மறுமொழி தரவும் இரண்டு நாள் எடுத்தது. மூன்றாவது இடத்துக்கு இணையத்தில் ஏகப்பட்ட ஐந்து நட்சத்திரங்கள். முடிந்த கையோடு நுவரெலியாவில் இருக்கும் தோழியிடம் போகவும் எண்ணம். அம்மாவின் ஊரில் கடலட்டைக்குச் சிலிண்டரோடு போன ஒருவர் இடுப்புக்குக் கீழே இயங்காமல் கிடக்கிறார். அதனால் அம்மா போகவே வேண்டாம் என்கிறார். எந்த இடத்தை நம்புவது?

பதில்: அன்புத் தங்கச்சிக்கு,

படிவத்தில் பொய் எழுதச் சொன்ன இடத்துக்குப் போக வேண்டாம். பாதி விலை என்ன, சும்மா கூட்டிப்போனாலும் வேண்டாம். மற்ற இரண்டு இடங்களைப் பற்றி ஆறுதலாகக் கதைக்கலாம், இதில் மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை.

சுழியோடக் கற்பிப்பது என் தொழில். அந்த மருத்துவப் படிவத்தைக் கையில் கொடுக்கும் ஒவ்வொரு முறையும், இவரைத் திருப்பி அனுப்ப வேண்டி வருமோ என்ற எண்ணத்தோடுதான் கொடுக்கிறேன். படிவம் இருப்பதே அதற்குத்தான். உங்களை அழைத்துப்போகிறவர் "இன்றைக்கு வேண்டாம்", "உங்களுக்கு இது வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லக்கூடியவரா என்று பாருங்கள். மூன்று இடங்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போடலாம்.

தொய்வு விடயத்தில் ஏன் இவ்வளவு கறாராக நிற்கிறேன் என்று சொல்கிறேன். கடல்மட்டத்தில் நம்மேல் இருக்கும் அழுத்தம் 10 மீற்றர் ஆழத்தில் இரண்டு மடங்காகிவிடும். அங்கே நீங்கள் இழுக்கும் மூச்சும் அந்த அழுத்தத்துக்கு ஏற்ற நெருக்கத்தோடுதான் சிலிண்டரிலிருந்து வரும். அதே மூச்சை வெளியே விடாமல் மேலே வந்தால் அது நெஞ்சுக்குள் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். அதனால்தான் எங்கள் முதல் பாடமே மூச்சை அடக்காதே என்பது. ஆரோக்கியமான நுரையீரலில், மூச்சை விட விட மிகுதிக் காற்று வெளியே போய்விடும். தொய்வில் சிறு குழாய்கள் சுருங்கும்போது ஏதாவது ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொள்ளலாம். நீங்கள் சொல்லித்தந்தபடியே மூச்சு விட்டுக்கொண்டு வந்தாலும், மாட்டிய காற்று விரிந்துகொண்டுதான் இருக்கும். நுரையீரல் கிழியலாம். காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்கும் போகலாம். பெரிய ஆழம்கூடத் தேவையில்லை. நெஞ்சு நிறைந்த மூச்சோடு ஒன்றிரண்டு மீற்றர் மேலே எழும்பினாலே நடக்கக்கூடியது இது. போதாததற்கு, சிலிண்டர்க் காற்று மிகவும் உலர்ந்த காற்று. உலர்ந்த காற்று, உடல் உழைப்பு, பயம் மூன்றும் சேர்ந்தால் பழைய இழுப்பு திரும்பி வர வேறு காரணம் வேண்டாம்.

இதனால் உங்களுக்குக் கடலே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்ன வயதில் தொய்வு இருந்து, வளர்ந்தபிறகு மருந்தே எடுக்காமல் இருக்கும் பலருக்கு டொக்டர்கள் அனுமதி கொடுக்கிறார்கள். சுவாச நோய் வைத்திய நிபுணர் ஒருவரிடம் போய், "சுழியோடப் போகிறேன், அதற்காகப் பார்க்க வேண்டும்" என்று காரணத்தைச் சொல்லியே கேளுங்கள். ஸ்பைரோமெற்றி என்று ஒரு குழாயில் ஊதவைத்து, காற்று எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று அளப்பார்கள். தேவைப்பட்டால் ஓடவைத்தோ சைக்கிள் மிதிக்கவைத்தோ இன்னொரு தடவை அளப்பார்கள். படிவத்தின் பிரதியையும் கொண்டுபோங்கள், டொக்டர் கையெழுத்திடும் பக்கம் அதிலேயே இருக்கும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவில் மாஸ்க்கும், மூச்சுக் குழாயான ஸ்நோர்க்கலும் போட்டு, மேலே மிதந்தபடியே முருகைக் கற்களையும் மீன்களையும் பார்க்கலாம். கறுப்பு முனைச் செட்டை உள்ள சின்னச் சுறாக்கள்கூடக் கண்ணில் படும், அவை மனிதரைத் தொந்தரவு செய்வதில்லை.

கோணேசர் மலைக்கு வருவோம். உங்கள் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. சம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்தார்கள், கற்கள் கடலுக்குப் போயின. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய சுழியோடித் தோழர் மைக் வில்சனும் அங்கே இறங்கி அந்த இடிபாடுகளைக் கண்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அதைக் கண்ணால் பார்க்க விரும்புவதில் என்ன ஆச்சரியம்? ஆனால் அது திறந்த கடலை நேரே பார்த்து நிற்கும் செங்குத்துப் பாறையின் அடி. அலை பாறையில் மோதித் திரும்பும், நீரோட்டம் ஒரு நாள் போல் மறுநாள் இருக்காது. உடலைத் தண்ணீரில் ஒரே மட்டத்தில் நிறுத்திவைக்கப் பழகாதவரை அங்கே முதல் நாள் இறக்குவது தவறு. பயிற்சி இல்லாதவர்கள் செய்து பார்க்கும் அறிமுகச் சுழியோடலுக்கு 12 மீற்றர்தான் உச்ச எல்லை. அதுவும் முதலில் இடுப்பளவு தண்ணீரில் பழக்கிய பிறகு, அமைதியான இடத்தில். "அது கோர்ஸ் முடித்த பிறகு பார்ப்போம்" என்று சொல்கிற இடம் உங்கள் ஆசையை மதிக்கிறது, உங்கள் உயிரையும் மதிக்கிறது.

உண்மையில் ஐந்து நாள் கையில் இருக்கும்போது, டொக்டரும் சம்மதித்தால், அறிமுகச் சுழியோடலோடு நிற்காமல் 'ஓப்பன் வோட்டர்' என்ற முதல்நிலைச் சான்றிதழ் கோர்ஸையே செய்யுங்கள். மூன்று நான்கு நாளில் முடியும். கடலில் நான்கு முறை இறங்குவீர்கள். முடித்தால் 18 மீற்றர் வரை, துணையோடு, உலகில் எங்கும் இறங்கலாம். இதற்கு நிற்காமல் 200 மீற்றர் நீந்தவும், எதையும் பிடிக்காமல் 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். வேகம் பார்க்கமாட்டார்கள். இன்னும் நாள் இருக்கிறது, நீச்சல் குளத்தில் பழகுங்கள். சொந்தமாக ஒரு மாஸ்க் வாங்கி, யாரையாவது கூட்டிக்கொண்டு காரைநகர் கசூரினாவுக்குப் போய், ஆழமில்லாத தண்ணீரில் முகத்தைப் புதைத்து வாயால் மூச்சுவிட்டுப் பாருங்கள். பாதிப் பதற்றம் அங்கேயே போய்விடும்.

இனி இரண்டாவது, மூன்றாவது இடங்கள். மறுமொழிக்கு இரண்டு நாள் எடுத்ததைக் குறையாக எடுக்காதீர்கள். பருவ காலத்தில் விடியவே கடலுக்குப் போகிறவர்கள் பகலில் போனைப் பார்ப்பது குறைவு. ஐந்து நட்சத்திரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விடுமுறைக்கு வந்து ஒருநாள் இறங்கினவருக்கு மீன் தெரியும், சிரித்த முகம் தெரியும், சாப்பாடு தெரியும். சிலிண்டருக்குள் இருந்த காற்று எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. நான் யாருக்காவது இடம் பார்க்கும்போது குறைந்த நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைத்தான் முதலில் வாசிப்பேன். "கடல் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் ரத்துச் செய்துவிட்டார்கள்" என்று யாராவது குறைப்பட்டிருந்தால், அந்த இடத்தைப் பற்றி எனக்கு மரியாதை வந்துவிடும்.

இரண்டு இடங்களுக்கும் எழுதுவதை விட்டுவிட்டு, போன் எடுத்துக் கதையுங்கள். எனக்குக் கற்பிக்கப்போகிறவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். கடையின் பெயரோ, சுவரில் தொங்கும் 'பாடி', 'எஸ்எஸ்ஐ' என்ற பயிற்சி அமைப்புகளின் அடையாளமோ தண்ணீருக்கு அடியில் உங்கள் கையைப் பிடிக்கப்போவதில்லை, ஒரு மனிதர்தான் பிடிக்கப்போகிறார். அவருக்கு ஒரு பயிற்றுநர் இலக்கம் இருக்கும். அந்த அமைப்பின் இணையதளத்தில் அதைப் போட்டு, இப்போதும் கற்பிக்கத் தகுதி உள்ளவரா என்று பார்க்கலாம். இலக்கத்தைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர் வேண்டாம். உங்களோடு இன்னும் எத்தனை பேர் இறங்குவார்கள் என்றும் கேளுங்கள். முதன்முறை இறங்குகிறவர்கள் என்றால் ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேருக்கு மேல் இருப்பதை நான் விரும்புவதில்லை. அவருக்கு இருப்பது இரண்டு கைதானே. கடல் மோசமாக இருந்தால் காசு திரும்புமா என்றும் கேளுங்கள். காசைத் திருப்பித் தராத இடத்தில், இறங்கக்கூடாத நாளிலும் இறங்கத்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள், நீங்கள் உட்பட.

தமிழில் விளக்கக்கூடியவர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்கூடப் பயந்த நேரத்தில் தாய்மொழியில்தான் யோசிக்கிறார். தண்ணீருக்குள் கதைக்க முடியாது, கைச் சைகைதான். கட்டைவிரலை உயர்த்தினால் ஊரில் 'நல்லது' என்று அர்த்தம், கடலுக்குள் 'மேலே போவோம்' என்று அர்த்தம். எல்லாம் சரி என்று காட்ட, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். இதைப் பொறுமையாக, திரும்பத் திரும்பச் செய்துகாட்டுகிறவரா என்று பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததும் உடனே இறங்காதீர்கள். ஒரு மாலையைச் சும்மா அந்த இடத்தைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். காற்று நிரப்பும் கொம்பிரசர் எங்கே இருக்கிறது? அது காற்றை இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் ஜெனரேற்றரோ வாகனமோ புகை விட்டுக்கொண்டிருந்தால், அந்தப் புகையைத்தான் நீங்கள் அடியில் சுவாசிப்பீர்கள். திரும்பி வந்த உடுப்புகளையும், சிலிண்டர்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேற்றர்களையும் நல்ல தண்ணீரில் கழுவித் தொங்கவிடுகிறார்களா, உப்போடு மூலையில் எறிகிறார்களா? கடையின் குணம் அந்த மூலையில் தெரியும்.

உபகரணத்தை மாட்டிய பிறகு நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சிலிண்டரின் அழுத்தமானியை ஒரு கையில் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். நிரம்பிய சிலிண்டர் என்றால் முள் 200 பார் அருகில் நிற்கும். ரெகுலேற்றரை வாயில் வைத்து, முள்ளைப் பார்த்தபடியே நான்கைந்து தடவை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். நீங்கள் இழுக்கும்போது கீழே விழுந்து, விடும்போது மேலே ஏறினால் சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறபடவில்லை. முள்ளைப் பார்க்காவிட்டால் கரையில் அது தெரியாது, ஆழத்தில் மூச்சு வராது. எண்ணெய் மணமோ புகை மணமோ காற்றில் இருந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடாதீர்கள். மிதக்க உதவும் மேற்சட்டையைக் காற்றால் நிரப்பிச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள், தளர்ந்தால் ஓட்டை. இதைச் செய்யும்போது பக்கத்தில் நிற்பவர் "அதெல்லாம் நாங்கள் பார்த்தாச்சு" என்று உங்களை அவசரப்படுத்தக்கூடாது. நல்ல பயிற்றுநர் சந்தோஷப்படுவார்.

படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், காட்டச் சொல்லுங்கள். திறந்து, முகமூடி இருக்கிறதா, முள் நகர்கிறதா என்று பாருங்கள். விபத்து என்றால் முதல் மருந்து அதுதான். நீங்கள் தண்ணீருக்குள் இருக்கும்போது ஓட்டி படகிலேயே இருக்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி ஆளெண்ண வேண்டும். 1998இல் அவுஸ்திரேலியாவின் பெருந் தடுப்புப் பவளப்பாறையில் ஒரு கணவனையும் மனைவியையும் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரைக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் ஆட்கள் இல்லை என்று தெரிந்தது, அவர்கள் கிடைக்கவேயில்லை. தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் பொருந்தும், "என் ஆள் எங்கே" என்று கேட்கப் படகில் உங்களுக்கென்று யாரும் இல்லை. ஆகவே கடையின் பெயர், பயிற்றுநரின் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் ஒவ்வொரு காலையும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு இறங்குங்கள். தங்குமிடத்தில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

பெண்ணாகத் தனியே போவதால் இன்னொன்றையும் முன்கூட்டியே வெளிப்படையாகக் கதைத்துவிடுங்கள். அறிமுகச் சுழியோடலில் பயிற்றுநர் உங்களைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். வழமையாகப் பிடிப்பது முதுகில் சிலிண்டரின் கழுத்தை, அல்லது மேற்சட்டையின் பட்டியை, அல்லது கையை. "எங்கே பிடிப்பீர்கள்?" என்று கரையில் கேளுங்கள். செய்துகாட்டி விளக்குகிறவர் தொழில் தெரிந்தவர். சிரித்து மழுப்புகிறவரோடு இறங்காதீர்கள். பெண் பயிற்றுநர் வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. உடை மாற்ற மூடிய இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். முழு உடலையும் மூடும் வெற்சூட் கேட்டால் கொடுப்பார்கள், அது குளிருக்கும் கீறலுக்கும் நல்லது.

அம்மாவின் பயத்தைத் தட்டிக்கழிக்க வேண்டாம், அவர் கண்டது உண்மை. நம் கரையில் அட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கி உடல் முடங்கியவர்கள் இருக்கிறார்கள். ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றில் உள்ள நைதரசன் உடம்பில் ஊறும். மெதுவாக மேலே வந்தால் அது மூச்சோடு போய்விடும். நீண்ட நேரம் ஆழத்தில் நின்று, ஒரே நாளில் சிலிண்டருக்கு மேல் சிலிண்டராக மாற்றி, விறுவிறு என்று மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாப் போத்தல் மாதிரி இரத்தத்திலும் முள்ளந்தண்டிலும் குமிழி கட்டும். பிழைப்புக்காக அவர்கள் அப்படி இறங்க வேண்டியிருக்கிறது. உங்களை அழைத்துப்போகிறவர் ஆழத்தையும் நேரத்தையும் கையில் கட்டும் சுழியோடல் கணினியில் பார்த்து, நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகம் போகாமல் ஏற்றி, 5 மீற்றரில் மூன்று நிமிடம் நிறுத்திக் கொண்டுவர வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். இப்படிக் குமிழி கட்டியவர்களுக்குச் சிகிச்சை கொடுக்கும் அழுத்த அறை திருகோணமலையிலேயே கடற்படையிடம் உண்டு என்றும் சொல்லுங்கள். கடையிடமும் கேளுங்கள், ஏதாவது நடந்தால் யாரை அழைப்பீர்கள், எங்கே கொண்டுபோவீர்கள் என்று. மறுமொழி தடுமாறாமல் வர வேண்டும். 1990 அம்புலன்ஸ் இலக்கம் உங்கள் போனிலும் இருக்கட்டும்.

ஓகஸ்ட் நல்ல தெரிவு. கிழக்குக் கடல் மே தொடங்கி செப்டெம்பர் வரை பொதுவாக அமைதி. வாடைக்காற்று தொடங்கினால் அங்கே வேலை நின்றுவிடும், பல பயிற்றுநர்கள் ஹிக்கடுவை, உனவட்டுன பக்கம் போய்விடுவார்கள். காலைப் படகைக் கேளுங்கள், பகல் ஏற ஏறக் காற்றும் ஏறும். தடிமன் பிடித்திருந்தால் இறங்காதீர்கள், காது வலியில் தொடங்கிச் செவிப்பறை கிழிவது வரை போகும். மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள்.

நுவரெலியாத் திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். உடம்பில் நைதரசன் மிச்சமிருக்கும்போது அவ்வளவு உயரம் ஏறுவதும் விமானத்தில் பறப்பது மாதிரித்தான், குமிழி கட்டும். கடைசியாக இறங்கிய நேரத்திலிருந்து 24 மணித்தியாலம் திருகோணமலையிலேயே நில்லுங்கள். யாழ்ப்பாணத்துக்கு நேரே திரும்புவதென்றால் இந்தச் சிக்கல் இல்லை, வழியில் மலை கிடையாது. ஐந்து நாளில் கோர்ஸையும் முடித்து, ஒரு நாள் ஓய்வும் எடுத்து, நுவரெலியாவுக்கும் போவது கஷ்டம். தோழியிடம் இன்னொரு விடுமுறையில் போகலாம் என்று நினைக்கிறேன். டொக்டர் கடிதம் கைக்கு வரும்வரை யாருக்கும் முற்பணம் அனுப்ப வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.